நாடு திரும்பிய தலைவர்: கிரேக்கத்தின் கராமன்லிஸ்



ஒரு நாட்டின் ஆட்சியை இராணுவம் துப்பாக்கி முனையில் கைப்பற்றுவது ஒரே இரவில் நடந்து முடிந்துவிடும். ஆனால் அந்த ஆட்சியை மீண்டும் மக்களிடம் ஒப்படைப்பது அவ்வளவு எளிதான காரியம் அன்று. பதவியை விட்டு இறங்கும் தளபதிகளுக்குத் தண்டனை கிடைக்கும் என்ற அச்சம் இருக்கும். அவர்களால் துன்பப்பட்ட மக்களுக்கோ பழிவாங்க வேண்டும் என்ற ஆத்திரம் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டு மறுபடியும் போரிலும் குழப்பத்திலும் விழுந்த நாடுகள் பல உண்டு.

1974 ஆம் ஆண்டில் கிரீஸ் நாடும் இப்படிப்பட்ட ஒரு கட்டத்தில்தான் நின்றது. ஆனால் அது விழவில்லை. ஐந்தே மாதங்களில் பொதுத் தேர்தல் நடந்தது. மன்னராட்சி வேண்டுமா வேண்டாமா என்று மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அரசியல் கைதிகள் வீடு திரும்பினார்கள். இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் கான்ஸ்டன்டினோஸ் கராமன்லிஸ். அவர் புரட்சிக்காரர் அல்லர். பழமைவாதக் கட்சி ஒன்றின் தலைவர். பழமைவாதி ஒருவர் இத்தனை பெரிய மாற்றத்தை எப்படிச் செய்தார்? அதைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லிவிடுவோம். சமயம், குடும்பம், சொத்துரிமை, சட்டம் ஒழுங்கு ஆகியவை குலையக்கூடாது, மாற்றம் வந்தாலும் மெல்ல மெல்லத்தான் வரவேண்டும் என்று எண்ணுகிறவர்களைப் பழமைவாதிகள் என்கிறோம். வலதுசாரிகள் என்றும் அவர்களை அழைப்பதுண்டு. தொழிலாளர், விவசாயிகள் ஆகியோரின் பெயரால் விரைவான மாற்றம் கேட்பவர்கள் இடதுசாரிகள். கிரீஸ் நாட்டில் இந்த இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்தது வெறும் கருத்து வேற்றுமை அன்று. அது இரத்தம் சிந்திய பகை. அந்தப் பகையைப் புரிந்துகொண்டால்தான் கராமன்லிஸின் வாழ்க்கையும் நமக்குப் புரியும்.

புகையிலை விளையும் ஊரில்

கராமன்லிஸ் 1907 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் மாசிடோனியா வட்டாரத்தில், செரெஸ் நகருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊருக்குப் புரோட்டி என்று பெயர். அவர் பிறந்தபோது அது துருக்கிய ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பால்கன் போர்களுக்குப் பின், 1913 இல், அந்த வட்டாரம் கிரீஸ் நாட்டோடு சேர்ந்தது. ஆக, அவருக்கு ஆறு வயது நடக்கும்போதுதான் அவருடைய ஊர் கிரேக்க ஊராயிற்று.

அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர், புகையிலையும் பயிரிட்டார். பிள்ளைகள் பலர். மூத்தவர் கராமன்லிஸ். ஏதென்ஸ் நகருக்குச் சென்று சட்டம் படித்தார். பிறகு செரெஸ் நகரிலேயே வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1935 இல், 28 வயதில், நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆனால் மறு ஆண்டிலேயே மெட்டாக்சாஸ் என்ற தளபதி சர்வாதிகாரி ஆகி நாடாளுமன்றத்தை மூடிவிட்டார். கராமன்லிஸ் மறுபடியும் தம் வழக்கறிஞர் தொழிலுக்கே திரும்பினார்.

அதன் பிறகு அந்த நாடு பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1940 அக்டோபரில் இத்தாலி படையெடுத்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மனி படையெடுத்து நாட்டைப் பிடித்தது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். 1944 இல் ஜெர்மானியர் வெளியேறினார்கள். அப்போதும் அமைதி வரவில்லை. 1946 முதல் 1949 வரை அரசாங்கப் படைகளுக்கும் கம்யூனிஸ்டுப் படைகளுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் நின்று சண்டையிட்ட போர் அது. இறுதியில் கம்யூனிஸ்டுகள் தோற்றார்கள். அவர்களுடைய கட்சி 1947 முதலே தடை செய்யப்பட்டிருந்தது.

சாலை போட்ட அமைச்சர்

போருக்குப் பின் கராமன்லிஸ் பல அமைச்சுகளில் பணியாற்றினார். தொழிலாளர் அமைச்சு, போக்குவரத்து அமைச்சு, சமூக நல அமைச்சு என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. சமூக நல அமைச்சராக இருந்தபோது, போரினால் ஊரை விட்டு ஓடிவந்த மலைக்கிராம மக்களைத் திரும்பக் குடியமர்த்தும் வேலையைக் கவனித்தார். 1952 இல் பொதுப்பணி அமைச்சரானார். அமெரிக்காவிலிருந்து வந்த உதவிப் பணத்தைக் கொண்டு சாலைகளும் பாலங்களும் போட்டார். மேடைப் பேச்சில் அவர் வல்லவர் என்று பெயர் வாங்கவில்லை. சொன்ன வேலையை முடிப்பவர் என்று பெயர் வாங்கினார்.

1955 அக்டோபரில் பிரதமர் பாப்பாகோஸ் காலமானார். அவருக்கு அடுத்த இடத்தில் மூத்த தலைவர்கள் இருவர் காத்திருந்தார்கள். ஆனால் மன்னர் பவுல் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு 48 வயதான கராமன்லிஸைப் பிரதமராக நியமித்தார். நாடே வியந்தது. கராமன்லிஸ் தேசியத் தீவிர ஒன்றியம் என்ற புதிய கட்சியைத் தொடங்கி 1956, 1958, 1961 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வெற்றி பெற்றார். 1956 தேர்தல்தான் கிரேக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல். அந்த ஆண்டில் லீனா சால்டாரி சமூக நல அமைச்சரானார். அந்நாட்டின் முதல் பெண் அமைச்சர் அவரே.

அந்த எட்டு ஆண்டுகளில் மின்சாரமும் தார்ச்சாலையும் பல கிராமங்களை எட்டின. சுற்றுலாத் தொழில் வளர்ந்தது. 1961 இல் விவசாயிகளுக்கென ஒரு காப்புறுதி நிறுவனம் அமைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் மண்ணைக் கொத்திய முதியவர்களுக்கு முதன்முதலாக ஓய்வூதியம் கிடைத்தது. தொகை சிறியதுதான், என்றாலும் பிள்ளைகளிடம் கையேந்தாமல் தங்கள் பெயரில் ஒரு பணம் வந்ததை அம்மக்கள் பெரிதாக எண்ணினார்கள்.

நாணயத்தின் மறுபக்கம்

நேயர்களே, ஒரு தலைவரின் வரலாற்றைச் சொல்லும்போது நல்லதை மட்டும் சொல்லி முடிப்பது முறையாகாது. அந்த வளர்ச்சி எல்லாருக்கும் வேலை கொடுக்கவில்லை. 1960 இல் மேற்கு ஜெர்மனியோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. அதன்படி இலட்சக்கணக்கான கிரேக்கர்கள் அங்கே ஆலை வேலைக்குப் போனார்கள். பல கிராமங்களில் கிழவர்களும் பிள்ளைகளுமே மிஞ்சினார்கள்.

இன்னொன்று, அதைவிடக் கொடியது. அரசாங்க வேலை வேண்டுமானால் காவல் துறையிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும். இன்னார் இடதுசாரி அல்லர், இவர் குடும்பத்திலும் அப்படி யாரும் இல்லை என்று அது சொல்லவேண்டும். அந்தத் தாள் கிடைக்காவிட்டால் எவ்வளவு படித்திருந்தாலும் கதவு திறக்காது. தகப்பனார் போரில் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்காக மகனுக்கு வேலை மறுக்கப்பட்ட காலம் அது. இடதுசாரிகள் பலர் தீவுகளில் கைதிகளாகவும் கிடந்தார்கள். இந்த முறையைக் கராமன்லிஸ் உண்டாக்கவில்லை. உள்நாட்டுப் போர் உண்டாக்கியது. ஆனால் அவர் எட்டு ஆண்டுகள் பிரதமராக இருந்தபோதும் அது நீடித்தது.

1956 தேர்தலில் அவருடைய கட்சி எதிரணியைவிடக் குறைவான வாக்குகளைப் பெற்றும், தேர்தல் விதிகளின் போக்கால் கூடுதலான இடங்களைப் பிடித்தது. 1961 தேர்தலில் இராணுவமும் காவல் துறையும் கிராமத்து மக்களை மிரட்டி வாக்கு வாங்கின என்று எதிர்க்கட்சித் தலைவர் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூ குற்றஞ்சாட்டினார்; தேர்தல் முடிவை ஏற்க முடியாது என்று ஊர் ஊராகச் சென்று முழங்கினார்.

1963 மே மாதம் தெசலோனிக்கி நகரில் ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. அதில் பேசிவிட்டு வெளியே வந்த இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர் லம்பிராக்கிஸ், மூன்று சக்கர வண்டி ஒன்றில் வந்தவர்களால் தாக்கப்பட்டார். சில நாட்களில் உயிர் நீத்தார். விபத்து என்று முதலில் சொல்லப்பட்டது. சார்ட்செட்டாக்கிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி யாருக்கும் பணியாமல் விசாரித்தார். கொலையாளிகளுக்கும் காவல் துறை உயரதிகாரிகளுக்கும் இருந்த தொடர்பு வெளிவந்தது. இந்த நீதிபதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருவார். கொலையில் பிரதமருக்குப் பங்கு இருந்ததாக எந்த விசாரணையும் கண்டதில்லை. ஆனால் அவருடைய அரசாங்கத்தின் காவல் துறை அவர் சொற்படிதான் நடந்ததா என்ற கேள்வி நாட்டில் எழுந்தது.

அதே நேரத்தில் அரண்மனையோடும் அவருக்கு மனக்கசப்பு முற்றியது. மன்னரும் அரசியாரும் இலண்டன் செல்வது இப்போது நல்லதல்ல என்று அவர் சொன்னார், மன்னர் கேட்கவில்லை. 1963 ஜூனில் பதவி விலகினார். நவம்பர் தேர்தலில் தோற்றார். கட்சியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு பெயரில் பயணச்சீட்டு எடுத்துப் பாரிஸ் நகருக்குப் போய்விட்டார். அங்கே பதினோர் ஆண்டுகள் ஒரு சாதாரண மனிதராக வாழ்ந்தார்.

தளபதிகளின் ஆட்சி

1967 ஏப்ரல் 21 ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பாப்பாடோபூலோஸ் என்பவரின் தலைமையில் இராணுவக் கர்னல்கள் சிலர் ஆட்சியைப் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். சிறைகளில் சித்திரவதை நடந்தது. பத்திரிகைகள் வாய் மூடின. பாரிஸில் இருந்த கராமன்லிஸ் இந்த ஆட்சியை ஏற்கவில்லை. அது விலகவேண்டும் என்று அறிக்கைகள் விடுத்தார்.

1973 நவம்பரில் ஏதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நவம்பர் 17 ஆம் நாள் விடியற்காலையில் ஒரு டாங்கி அந்தக் கல்லூரியின் இரும்புக் கதவை இடித்துத் தள்ளியது. அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

1974 ஜூலை 15 ஆம் நாள், தளபதிகள் தங்கள் முடிவைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். கிரேக்கரும் துருக்கியரும் வாழும் சைப்பிரஸ் தீவில், அதிபர் மக்காரியோஸைக் கவிழ்க்க ஆள் ஏவினார்கள். ஐந்து நாட்களில் துருக்கி தன் படையை அத்தீவில் இறக்கியது. கிரீஸ் போருக்கு ஆள் திரட்டிப் பார்த்தது. எல்லாம் குழப்பமாக முடிந்தது. சொந்த மக்களை அடக்கத் தெரிந்த தளபதிகளுக்குப் போரை நடத்தத் தெரியவில்லை. ஜூலை 23 ஆம் நாள் பழைய அரசியல் தலைவர்களை அவர்களே அழைத்து, ஆட்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூடிப் பேசிய தலைவர்கள் பாரிஸுக்குத் தொலைபேசியில் பேசினார்கள்.

விடியுமுன் பதவிப் பிரமாணம்

பிரெஞ்சு அதிபர் தம் விமானத்தைக் கொடுத்து உதவினார். கராமன்லிஸ் நள்ளிரவு தாண்டி ஏதென்ஸில் வந்து இறங்கினார். தெருவெல்லாம் மக்கள் வெள்ளம். கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களும் உண்டு. ஜூலை 24 அதிகாலை நான்கு மணிக்கு, நம் தோட்டங்களில் பெரட்டுக்கு எழும் நேரத்துக்கும் முன்னால், அவர் பிரதமராகப் பதவி ஏற்றார்.

பதவி ஏற்றாரே தவிர, அதிகாரம் கையில் இருந்ததா? இராணுவத்தில் கர்னல்களின் ஆட்கள் அப்படியே இருந்தார்கள். எந்த இரவிலும் தம்மைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் பிரதமர் பல வாரங்கள் கரையில் உறங்கவில்லை. கடலில் ஒரு சிறு கப்பலில், போர்க்கப்பல் ஒன்றின் காவலில் உறங்கினார். கராமன்லிஸ் வேண்டுமா, டாங்கிகள் வேண்டுமா என்ற பேச்சு அப்போது நாடெங்கும் வழங்கியது. அதைச் சொன்னவர் என்று பெயர் பெற்றவர் மிக்கிஸ் தியோடோராக்கிஸ்; கர்னல்களின் சிறையில் கிடந்த இடதுசாரி இசையமைப்பாளர். பழைய பகைவரே இப்படிச் சொல்லவேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

கராமன்லிஸ் அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. அரசியல் கைதிகளை விடுவித்தார். இராணுவத் தலைமையை ஒரே நாளில் தூக்கி எறியாமல், படிப்படியாக மாற்றினார். ஆகஸ்டு மாதம் சைப்பிரஸில் துருக்கிப் படை மேலும் முன்னேறி, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பகுதியைப் பிடித்தது. போருக்குப் போகச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. தயார் நிலையில் இல்லாத படையை அனுப்புவது பிள்ளைகளைப் பலி கொடுப்பதாகும் என்று அவர் மறுத்தார். கூட்டணி நாடுகள் துணை நிற்கவில்லை என்பதைக் காட்ட, நேட்டோவின் இராணுவ அமைப்பிலிருந்து கிரீஸை விலக்கினார். அத்தீவு இன்றுவரை இரண்டாகவே கிடக்கிறது. அந்தத் துயரத்தை அவராலும் தீர்க்க முடியவில்லை.

செப்டம்பரில் அவர் செய்த காரியந்தான் பலரை வியக்க வைத்தது. 1947 முதல் தடையில் இருந்த கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அனுமதி கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் அக்கட்சியை எதிர்த்தவர் அவர். ஏன் அப்படிச் செய்தார்? மறைவில் இருக்கும் கட்சி துப்பாக்கியைத் தேடும்; வெளியில் இருக்கும் கட்சி வாக்கைத் தேடும். தோற்றவனுக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தால்தான் சண்டை ஓயும். பழைய காவல் துறைச் சான்றிதழ் முறையும் அத்தோடு ஒழிந்தது.

நவம்பர் 17 ஆம் நாள், கல்லூரிக் கதவு இடிபட்ட அதே நாளில், பொதுத் தேர்தல் நடந்தது. கராமன்லிஸின் புதிய சனநாயகம் என்ற புதுக்கட்சி 54 விழுக்காட்டு வாக்குகளும், 300 இடங்களில் 220 இடங்களும் பெற்றது. டிசம்பர் 8 ஆம் நாள் மன்னராட்சி பற்றிய வாக்கெடுப்பு. தமக்கு முதன்முதலில் பதவி தந்தது அரண்மனை என்றாலும், அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை; மக்கள் தீர்ப்புக்கே விட்டுவிட்டார். 69 விழுக்காட்டினர் குடியரசே போதும் என்றார்கள்.

1975 இல் கர்னல்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். சித்திரவதை செய்தவர்கள் மீதும் தனி வழக்கு நடந்தது. தலைவர்கள் மூவருக்கு மரண தண்டனை. அரசாங்கம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இது என்ன இரக்கம் என்று பலர் கோபப்பட்டார்கள். தூக்கில் போட்டால் அவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஆயுள் என்றால் ஆயுள்தான் என்று அவர் உறுதியாக நின்றார். பாப்பாடோபூலோஸ் 1999 இல் கைதியாகவே இறந்தார்.

பள்ளிக்கூடத்து மொழியும் ஐரோப்பியக் கதவும்

கிரேக்க மக்கள் வீட்டில் பேசுவது ஒரு மொழி நடை. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத் தாளிலும் இருந்ததோ பழைய மொழியைப் பின்பற்றிய கடினமான இன்னொரு நடை. ஏழை வீட்டுப் பிள்ளை பாடத்தைப் படிக்குமுன் அந்த நடையைப் படிக்கவேண்டும். 1976 இல் கராமன்லிஸின் அரசாங்கம் மக்கள் பேசும் நடையையே கல்வி மொழியாக்கியது. கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகள் ஆனது. பழமைவாதக் கட்சி கட்டிக் காத்த பழைய நடையை, அக்கட்சியின் வழிவந்தவரே எடுத்துவிட்டார்.

அவர் தம் வாழ்நாள் வேலையாகக் கருதியது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் கிரீஸைச் சேர்ப்பது. 1961 இலேயே இணைப்பு உடன்படிக்கை செய்திருந்தார்; கர்னல்களின் ஆட்சியில் அது உறங்கிப்போயிற்று. 1975 இல் மறுபடியும் மனுப் போட்டார். நாடு இன்னும் ஏழை, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று அங்குள்ள அதிகாரிகள் கருத்துச் சொன்னார்கள். அவர் நாடு நாடாகச் சென்று தலைவர்களை நேரில் கண்டு பேசினார். அவருடைய வாதம் விலைவாசி பற்றியது மட்டும் அன்று; ஐரோப்பாவோடு கட்டிப்போட்டால்தான் டாங்கிகள் மறுபடி தெருவுக்கு வரா என்பது. 1979 மே 28 ஆம் நாள் ஏதென்ஸில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1981 சனவரி முதல் நாளன்று கிரீஸ் பத்தாவது உறுப்பு நாடாயிற்று. 2010 க்குப் பின் அந்நாடு கடனில் மூழ்கித் தவித்தபோது, அன்று சேர்ந்தது சரியா என்ற வாதம் மீண்டும் எழுந்தது. ஆனால் அந்தக் கடுமையான ஆண்டுகளிலும் ஆட்சியைத் தேர்தல்தான் மாற்றியது. இராணுவம் பாசறையை விட்டு வரவில்லை.

எதிரியிடம் சாவி

1980 இல் கராமன்லிஸ் குடியரசின் அதிபர் ஆனார். 1981 அக்டோபர் தேர்தலில் அவர் தொடங்கிய கட்சி தோற்றது, சோசலிஸ்டுகள் வென்றார்கள். அவர்களுடைய தலைவர் ஆண்ட்ரியாஸ் பாப்பாண்ட்ரூ, அன்று கராமன்லிஸை ஊர் ஊராக எதிர்த்த ஜார்ஜ் பாப்பாண்ட்ரூவின் மகன். அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கவேண்டியவர் அதிபர் கராமன்லிஸ். செய்து வைத்தார். யாரும் கைதாகவில்லை, யாரும் நாட்டை விட்டு ஓடவில்லை.

1985 இல் இரண்டாம் முறை அதிபராக ஆதரவு தருவதில்லை என்று சோசலிஸ்டுகள் முடிவு செய்தார்கள். கராமன்லிஸ் பதவி விலகினார். அவருக்குப் பதில் வந்தவர் யார் தெரியுமா? லம்பிராக்கிஸ் கொலையை விசாரித்த அதே நீதிபதி சார்ட்செட்டாக்கிஸ். 1990 இல் கராமன்லிஸ் மறுபடியும் அதிபராகி 1995 வரை இருந்தார். 1998 ஏப்ரல் 23 ஆம் நாள், 91 வயதில் காலமானார். அவருடைய தம்பி மகன் 2004 முதல் 2009 வரை பிரதமராக இருந்தார். அவர் தொடங்கிய கட்சி 2019, 2023 தேர்தல்களிலும் வென்றது.

நேயர்களே, முதல் எட்டு ஆண்டுகளில் இருந்த கராமன்லிஸும், நாடு திரும்பிய கராமன்லிஸும் ஒரே கொள்கைக்காரர்தாம். ஆனால் முதலாமவர் காலத்தில் எதிரிக்கு நாட்டில் இடமில்லை. இரண்டாமவர் எதிரிக்கு இடம் கொடுத்தார், பிறகு ஆட்சியையும் கொடுத்தார். 1974 இல் பிறந்த கிரேக்கப் பிள்ளைக்குத் தகப்பனார் எந்தப் பக்கம் நின்றார் என்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தத் தலைவரின் பெயரை அவருடைய கட்சியினர் மட்டுமன்றி, அவரை எதிர்த்தவர்களும் மதிப்போடு சொல்வதற்கு இதுவே காரணம் என நாம் கருதுகிறோம்.